இடது காலுக்கு வேலையில்லை

மார்ச் கடைசி. வெர்மான்டில் இதைச் சேற்றுக்காலம் என்போம்.
விற்பனைக் கொட்டகையின் முன்னால்
ஒரே நிறத்தில் இரண்டு டிராக்டர்கள்,
இரட்டைப்பிள்ளைகள்போல.
குனிந்து பார்த்தால்தான் தெரியும்:
ஒன்றுக்குக் கிளட்ச் உண்டு.
மற்றதற்கு இடது பக்கம் வெறும் தகடு.

லூசியன் வலப்புறமாகச் சுற்றிவந்து ஏறினான்.
முப்பது வருடம் இடப்புறமாக ஏறியவன்.
நான் கையுறையைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

வெண்டல் பேச ஆரம்பித்தான், அவன் பிழைப்பு அது.
ஹைட்ரோஸ்டாட் என்றால் பல்சக்கரத்தின் வேலையை எண்ணெய் செய்யும்.
மிதித்தால் போகும், விட்டால் நிற்கும்,
குதிகாலால் அழுத்தினால் பின்னால் வரும்.
பனியைத் தள்ளி, பின்வாங்கி, மறுபடி தள்ளி
ஒரு காலைக்குள் நானூறு தடவை கியர் மாற்ற வேண்டாம்.
"கியர் வண்டி?" என்றேன்.
"எஞ்சின் கொடுப்பதை வீணாக்காமல் சக்கரத்துக்கு அனுப்பும்.
விலையும் குறைவு," என்றான், கொஞ்சம் வருத்தத்தோடு.

என் கணக்கு எனக்கிருந்தது.
இருபத்திரண்டு ஏக்கர் புல். ஜூனில் மூன்றே மூன்று நல்ல நாள்.
கட்டு எந்திரத்தை இழுத்துக்கொண்டு மேடேறும்போது
எண்ணெய் சூடாகி முனகுவதை
பக்கத்துப் பண்ணையில் கேட்டிருக்கிறேன்,
தூக்கத்தில் பல் கடிக்கிற ஆளைப்போல.
கியர் அப்படியல்ல. மூன்றாவதில் போட்டால் மூன்றாவதுதான்.
சொன்ன சொல்.
வரிசை முடியும்வரை ஒரே வேகம், ஒரே சத்தம்,
கால் சும்மா இருக்கும், மனசு எங்கேயாவது போய்வரும்.
எனக்கு அது வேண்டும், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.
அதற்காகத்தான் புல்வேலையை நான் எடுத்துக்கொண்டதே.

கியர் வண்டியை அவன்தான் முதலில் ஓட்டினான்.
கொட்டகையிலிருந்து சரளைக் குவியல், குவியலிலிருந்து கொட்டகை.
நான்காவது திருப்பத்தில் கிளட்ச் பாதிதான் இறங்கியது.
பற்கள் அரைபட்ட சத்தத்தில்
கூரைப் புறாக்கள் கிளம்பின.
"புதுசு, இறுக்கமாக இருக்கிறது."
வெண்டல் தலையாட்டினான்.

இறங்கிவந்து தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டி,
"ஓடீலுக்கு ஹைட்ரோதான் சரிவரும்.
பெண்பிள்ளைகளுக்குச் சுலபம், பாருங்கள்" என்றான்.

பதினாறு வயதில் அப்பாவின் உருளைக்கிழங்கு லாரியை
இரட்டைக் கிளட்ச் போட்டு கனடா எல்லைவரை ஓட்டியவள் நான்.
அது அவனுக்குத் தெரியும்.
எங்கள் கல்யாணத்துக்கு நானே ஓட்டிப்போன லாரி.

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
அவன் கை, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று,
இடது முழங்காலைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தது.
டாக்டரிடம் வரமாட்டேன் என்று மூன்று குளிர்காலம்.

"ஆமாம் வெண்டல்," என்றேன்.
"கிளட்ச் மிதித்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது."
வெண்டல் என்னைப் பார்த்தான். அவனைப் பார்த்தான்.
படிவத்தில் எழுதக் குனிந்தான்.
ஆயிரத்து எண்ணூறு டாலர் கூடுதல்.
எண்ணெயும் வடிகட்டியும் தனி.
ஒரு பொய்க்கு இவ்வளவு நான் கொடுத்ததேயில்லை.

ஜூனில், கிழக்குச் சரிவின் பாதி மேட்டில்
அமுக்கினால் எஞ்சின் திணறியது, தளர்த்தினால் ஆமை.
பிரெஞ்சில் திட்டினேன்,
ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு வலு போதாது.
என் இடது கால் தானாக எழுந்து
அங்கே இல்லாத ஒன்றை மிதித்தது.
மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.
கடைசி நாலு வரிசை நனைந்தது.

டிசம்பரில் முதல் பனி.
சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கிறேன்:
முன்னே, பின்னே, முன்னே, பின்னே,
யாரும் கேட்காமலே அடுத்த வீட்டு வாசலையும்
தள்ளிக்கொடுக்கிறான்.
இறங்கும்போது இடப்புறமாகவே இறங்குகிறான்.

காலணியை உதறிக்கொண்டே உள்ளே வந்தவன் கேட்டான்:
"உன் இடுப்பு எப்படி?"
"பரவாயில்லை," ரொட்டியை வெட்டியபடி நான்.
"குளிருக்குக் கொஞ்சம் வலி."
அவன் சிரிக்கவில்லை. நானும்.
வெந்நீர்ப் பையை என் நாற்காலியில்தான் வைத்திருந்தேன்.
அவன் அதை எடுத்துக்கொண்டான்.